302 போட வேண்டிய இடம்

"என் கடை உயிரோட இருக்கா, பாருடா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இப்படிக் கூப்பிட்டுக் கேட்பது அந்த வாரம் வழக்கமாகிவிட்டது. கடை என்று அவள் சொன்னது தன் வெப்சைட்டை. தம்பி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைத்திருக்கும் லாகைத் திறந்து பார்த்தான்.

"நல்லா இருக்குக்கா. எல்லாம் 200."

"200னா?"

"கேட்டாங்க, கொடுத்தாச்சுன்னு அர்த்தம். ஒரு 404 கிடையாது, ஒரு 500 கிடையாது. தங்கமா ஓடுது."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப சைட்டுல கோளாறு இல்ல."

"இல்லவே இல்ல."

"சரி, வை," என்றாள்.

அந்த 'சரி' அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அதை யோசிக்காமல் விட்டுவிட்டான்.

அவன் வேலை செய்த நிறுவனம் மற்றவர்களுடைய வெப்சைட்டுகளைத் தன் கணினிகளில் குடிவைத்துப் பராமரிப்பது. அதில் அவன் இருந்தது இடமாற்றப் பிரிவு. ஒரு கடை தன் இணைய முகவரியை மாற்றிக்கொண்டால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சர்வர் முதலில் ஒரு மூன்று இலக்க எண்ணைத்தான் சொல்லும். வந்தவர் கண்ணுக்கு அது படாது. அவருடைய பிரவுசர் கேட்டுக்கொள்ளும். 200 என்றால் இந்தா. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 500 என்றால் எனக்கே ஏதோ ஆகிவிட்டது. 301 என்றால் அந்த வீடு நிரந்தரமாக மாறிப் போய்விட்டது, புது முகவரி இது. 302 என்றால் இப்போதைக்கு மட்டும் அங்கே போ.

கடைசி இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எதைப் போட்டாலும் வருகிறவர் கண் இமைப்பதற்குள் புது இடத்தில் நிற்பார். ஆனால் இடமாற்றப் பிரிவில் 302 என்பது கெட்ட வார்த்தை. முன்பு ஒரு முறை பெரிய மரச்சாமான் கடை ஒன்றை மாற்றும்போது யாரோ 302 போட்டுவிட, தேடுபொறிகள் மாதக்கணக்கில் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தன. பிரிவுத் தலைவி அன்றைக்குப் போட்ட சத்தத்தில் மாடிப்படியில் போனவர்கள்கூட நின்று கேட்டார்களாம். அதிலிருந்து அங்கே எல்லாவற்றுக்கும் 301தான். யாரும் யோசிப்பதில்லை, விரலே போட்டுவிடும். மற்றவர்களைவிடத் தம்பி வேகமாகப் போடுவான். அதனால் அவனுக்கு 'த்ரீ நாட் ஒன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காபி மெஷின் பக்கத்தில் யாராவது "த்ரீ நாட் ஒன், பால் இருக்கா?" என்று கேட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான்.

அக்காவின் தொழில் வேறு. அவள் முடிதிருத்துகிறவர்களின் கத்தரிக்குச் சாணை பிடிப்பவள். ஒரு சாவிக்கடைக்கு மேலே, ஜன்னல் வைத்த ஒற்றை அறை. தண்ணீர்த் தொட்டியில் ஊறும் கற்கள், மென்தோல் துண்டு, சின்னத் திருப்புளிகள், நிறைய டிஷ்யூ பேப்பர். பல ஊர்களிலிருந்தும் சலூன்காரர்கள் அவள் சைட்டில் பதிந்துவிட்டுக் கத்தரிகளைப் பார்சலில் அனுப்புவார்கள். அவள் கல்லில் தீட்டி, நனைந்த டிஷ்யூவை வெட்டிப் பார்ப்பாள். துளியும் இழுக்காமல், ஓரம் பிசிறாமல் வெட்ட வேண்டும். பிறகு ஒரு வளையத்தைப் பிடித்துத் தூக்கி மற்றதை விடுவாள். கத்தரி தானாகப் பாதிக்குமேல் மூடி நிற்க வேண்டும். முழுக்க விழுந்தால் திருகு தளர்வு, விழவே இல்லையென்றால் இறுக்கம். இதையெல்லாம் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வாள். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவதுதான் அவளுக்கு ஆகாது. அதற்காகவே தம்பி அந்த சைட்டைச் செய்துகொடுத்தான். பார்சல் திரும்பிப் போனதும் வாடிக்கையாளரின் விவரங்கள் தானாகவே அழிந்துவிடும்படி அமைத்துவிட்டு, "அடுத்தவங்க விவரத்தை நாம எதுக்குச் சேர்த்து வைக்கணும்?" என்று பெருமையாக வேறு சொல்லியிருந்தான்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்கு வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. நரம்பு அழுந்துகிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதன்பின் சில மாதம் கல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வர்றவங்களை அதுவரைக்கும் மெஷின் அண்ணன் கடைக்கு அனுப்பி வை," என்றாள் அக்கா. "பாவம், மழுங்கின கத்தரியை வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க? நான் அவர்கிட்டப் பேசிட்டேன்."

மெஷின் அண்ணன் அவளோடு ஒரே பட்டறையில் தொழில் கற்றவர். கற்ற பிறகு அவள் கல்லோடு நின்றுவிட்டாள். அவர் சுழல்சக்கர இயந்திரம் வாங்கி, நகரத்தின் மறுகோடியில் பெரிய கடை போட்டுவிட்டார். பகை கிடையாது. பார்த்துக்கொண்டால் கிண்டல் மட்டும் உண்டு.

அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தம்பி வருகிறவர்களைத் திருப்பிவிடும் அந்த ஒரு வரியை எழுதினான். எழுதி முடித்துத் தன் போனில், பார்த்ததை நினைவில் வைக்காத பிரவுசரின் ரகசிய ஜன்னலைத் திறந்து சோதித்தான். அண்ணன் கடையில் போய் நின்றது. மூடி வைத்துவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

கை சரியானது. அந்த வரியை அவனே நீக்கினான். முகப்பில் 'மறுபடி கத்தரி வாங்கிக்கொள்கிறேன்' என்று அக்கா எழுதச் சொன்னாள், எழுதினான். ஆனால் கத்தரிதான் வரவில்லை. தேடிப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் ஓரிருவர் அனுப்பினார்கள். பழைய ஆட்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

போனில் பேசிய அன்று சாயங்காலம் தம்பி அக்காவின் அறைக்குப் போனபோது அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். கற்கள் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, காய்ந்து வெளிறிக் கிடந்தன.

"மெஷின் அண்ணன் பேசினார்," என்றாள். "அவர் கடையில வந்து உட்காரச் சொல்றார். வளைஞ்ச விளிம்புக் கத்தரியெல்லாம் மெஷினுக்குச் சரிப்பட்டு வரலையாம். நாளன்னிக்குச் சனிக்கிழமை பதில் சொல்லணும். போறதா இருந்தா இந்த அறையை விட்டுடலாம்."

"நீ எதுக்குப் போகணும்?"

"பின்ன? நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன்."

அக்கா வலது கையை விரித்து மடக்கினாள். மணிக்கட்டில் தழும்பு ரோஜா நிறத்தில் மெல்லிய கோடாக இருந்தது.

"சைட்டுல ஒண்ணும் இல்லேன்னு நீயே சொல்லிட்டே. அப்ப கையிலதான் இருக்கு. முதல்ல வந்த ரெண்டு மூணு பேருக்குச் செஞ்சு அனுப்பினேன்ல, அது சரியில்லேன்னு ஒருத்தருக்கொருத்தர் பேசியிருப்பாங்க. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. முன்ன மாதிரி விரல் நுனியில தெரிய மாட்டேங்குது."

"அப்படியெல்லாம் இருக்காது."

"உனக்கென்ன தெரியும், கத்தரியைப் பத்தி?"

அது அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, காதுக்கு மேல் முடி தொங்குகிறதே என்று வழியில் இருந்த சலூனில் நுழைந்தான். அந்தச் சலூன்காரர் அக்காவின் பழைய வாடிக்கையாளர். பல ஊர்க்காரர்களுக்கு நடுவில் உள்ளூர்க்காரர் இவர் ஒருவர்தான். இவரும் சைட்டில் பதிந்து பார்சலாகத்தான் அனுப்புவார். அக்காவைத் தேடிப் போனால் அவள் கதவைத் திறக்க மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டு, அவர் இடதுபக்கம் வெட்டி முடிக்கும் நேரத்தில் தம்பி "ஆ" என்றான்.

"இழுக்குதா? இழுக்கும்," என்றார் சலூன்காரர் அமைதியாக. "இதுக்கு நீங்கதான் பொறுப்பு."

"நானா?"

"உங்க குடும்பம். அக்கா பாட்டுக்குக் கடையை மூடிட்டுப் போயிட்டாங்க. மெஷின்ல பிடிச்ச சாணை, முதல் வாரம் ராஜாவா இருக்கு, மறுவாரமே முடியை வெட்டறதுக்குப் பதிலா மென்னு துப்புது."

"மூடலையே! திறந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"யார்கிட்ட கதை விடறீங்க? நேத்துக்கூடப் பார்த்தேன்."

"எங்க பார்த்தீங்க?"

சலூன்காரர் கத்தரியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முடி ஒட்டிய விரலால் தன் போனைத் தேய்த்தார். அக்கா கடை முகவரியை முதல் பக்கத்திலேயே சேமித்து வைத்திருந்தார். அதைத் தொட்டார். மெஷின் அண்ணன் கடை வந்தது. 'பழைய கடையின் வாடிக்கையாளர்களே, வருக! இனி உங்கள் கத்தரிகளுக்கு நாங்கள்!'

தம்பி துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவித் தன் போனை எடுத்தான். எழுத்து எழுத்தாக அதே முகவரியை அடித்தான். அக்காவின் கடை வந்தது. ஜன்னல், கற்கள், 'மறுபடி கத்தரி வாங்கிக்கொள்கிறேன்.'

இரண்டு போன்களும் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவின் பக்கத்தில் இருந்தன. ஒரே முகவரி, இரண்டு கடை.

"இதென்ன மாயம்?" என்றார் சலூன்காரர்.

தம்பிக்கு அது மாயமாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா, மடியில் கணினி, விரல்கள் தாமாகவே அடித்த எண். அந்த எண் என்னவென்று அவன் பார்க்கக்கூட இல்லை. பார்க்காமலே இப்போது தெரிந்தது.

"உங்க போன் எங்க அக்கா கடைக்குப் போறதே இல்ல," என்றான்.

"ஏன், என் போனுக்கு என்ன கோவம்?"

"கோவம் இல்ல. போன் ரொம்ப விசுவாசமா இருக்கு." அவன் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க கடை அடைச்சிருந்தீங்கல்ல? கதவுல என்ன எழுதி ஒட்டினீங்க?"

"அடுத்த தெருவுல என் மச்சான் கடை இருக்கு, அங்க போங்கன்னு ஒட்டினேன்."

"அதைப் படிச்ச ஒருத்தன், சரி, இனிமே இந்தத் தெருப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆயுசுக்கும் மச்சான் கடைதான்னு முடிவு பண்ணிட்டா?"

"அப்படி ஒருத்தன் இருந்தா, அவனுக்கு முடி வெட்டறதைவிட வைத்தியம் பார்க்கறது நல்லது."

"நான் உங்க போனை அப்படித்தான் ஆக்கி வச்சிருக்கேன். நான் போட்டது 301. நிரந்தரமாப் போயிட்டாங்கன்னு அர்த்தம். அதை ஒரு தடவை கேட்டா பிரவுசர் மனப்பாடம் பண்ணிக்கும். அடுத்த தடவை எங்க சர்வர் கதவைத் தட்டவே தட்டாது, நேரா அங்க போயிடும். 302 போட்டிருந்தா, ஒவ்வொரு தடவையும் முதல்ல வந்து கேட்டிருக்கும், 'இன்னும் அங்கதானா, திரும்பி வந்தாச்சா'ன்னு."

"ஒரு நம்பர்தானே வித்தியாசம்?"

"ஆமா."

"அடப்பாவி," என்றார் சலூன்காரர், கொஞ்சம் பாசமாகவே.

தம்பி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு எழுந்தான். "தம்பி, ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கேன்!" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்டது.

அக்கா கதவைத் திறந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

"யார் இப்படிப் பண்ணினது?"

"முதல்ல நான் சொல்றதைக் கேளு."

"முதல்ல உட்காரு. இப்படியே தெருவுல நடந்தா வந்தே?"

அவள் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தினாள். அன்று காலை தீட்டி முடித்து வைத்திருந்த கத்தரி ஒன்றை எடுத்தாள். நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்டிருக்கும் அவளுடைய சொந்தக் கத்தரி. வலது காது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

அவன் குனிந்த தலையோடு எல்லாவற்றையும் சொன்னான். சலூனில் இரண்டு போன், வராந்தாவில் ஒரு வரி, ஆபீஸ் பழக்கம். 301 என்ற இடத்துக்கு வந்தபோது கத்தரி காதுக்குப் பக்கத்தில் நின்றது.

"அசையாதே," என்றாள் அக்கா. கத்தரி மறுபடி நகர்ந்தது. "தினமும் கேட்டேனே. எல்லாம் 200, தங்கமா ஓடுதுன்னியே."

"லாக்ல அப்படித்தான் இருந்தது. பதில் சொன்னாத்தானேக்கா லாக்ல எழுதும்? அவங்க கேட்கவே இல்லையே. கேட்காதவங்களுக்கு எந்த நம்பரும் கிடையாது."

"என் கைக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ என்ன போட்டிருக்கணும்?"

"302. இல்லேன்னா 503."

"அது என்னது?"

"இப்ப முடியல, கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு. எப்ப வரலாம்னுகூடச் சேர்த்துச் சொல்லலாம்."

"அது மரியாதையா இருக்கே. கடையையே மூடியிருந்தா?"

"410. இருந்தது, இப்ப இல்ல, இனி வராது."

"404?"

"அது இருந்ததா இல்லையான்னே எனக்குத் தெரியாதுன்னு."

அக்கா கொஞ்சம் பின்னால் போய் நின்று தலையைப் பார்த்தாள். "இத்தனை இருக்க, நீ ஒரே ஒண்ணைப் போட்டுப் பழகிட்டே." திட்டுவது போலச் சொல்லவில்லை. கத்தரியின் திருகை ஒரு பொட்டுத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "அப்ப கை?"

"கையைப் பத்தி இன்னும் யாரும் எதுவுமே சொல்லலைக்கா."

அவள் துண்டை உதறினாள். ஜன்னலுக்கு வெளியே முடி தூசுபோலப் பறந்து, கீழே சாவிக்கடையின் கூரைத் தகட்டில் விழுந்தது. பிறகு, "சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டுச் சொல்ல அவங்க விவரமும் நம்மகிட்ட இல்ல, அழிஞ்சாச்சு. நம்ம சர்வர்ல என்ன எழுதினாலும் அவங்க காதுல விழாது. அவங்க போய் நிக்கிற இடம் அண்ணன் கடை. அங்கதான் ஏதாவது எழுத முடியும்."

"அண்ணன் எழுத விடணும்."

"ஆமா."

"நாளைக்குத்தான் நான் அவருக்குப் பதில் சொல்லணும்," என்றாள் அக்கா.

மெஷின் அண்ணன் கடையில் சக்கரங்கள் சுழலும் இரைச்சல் வாசலிலேயே வரவேற்றது. உள்ளே மூன்று இயந்திரங்கள். மூன்றாவதில் புதிதாகச் சேர்ந்த ஆள் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். முன்மேஜையில் அண்ணனின் மருமகள் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கடையின் சைட், கணக்கு, வாடிக்கையாளர் சண்டை எல்லாம் அவள் பொறுப்பு.

"வா தங்கச்சி!" அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உனக்கு ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கியாச்சு. தொட்டிகூட வாங்கி வச்சுட்டேன். தம்பி தலைக்கு என்ன ஆச்சு? எலி கடிச்சுதா?"

"நான்தான் வெட்டினேன்," என்றாள் அக்கா.

"நல்ல வேளை, நீ சாணையோட நின்னுட்டே."

தம்பி விஷயத்தைச் சொன்னான். அண்ணன் பாதியில் கையை உயர்த்தி, ஆளை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். கேட்டு முடித்ததும் மருமகளைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே சோதிச்சுப் பார்த்தேன் மாமா," என்றாள் அவள். "301னு வந்தது. அதான், அவங்க ஒரேயடியா நிறுத்திட்டாங்க, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறாங்க போலன்னு உங்ககிட்ட சொன்னேன். 302 வந்திருந்தா புது ஆள் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "திரும்பி வர்றவங்களுக்குப் போய் யாராவது 301 போடுவாங்களா?"

"நாங்க போடுவோம்," என்றான் தம்பி.

அண்ணன் முகவாயைச் சொறிந்தார். "சரி. தப்பு நடந்துபோச்சு. இப்ப என்ன பண்ணணும்ங்கறே? வர்றவங்களை எல்லாம் அப்படியே உன்கிட்டத் திருப்பி விடணுமா? புது ஆளை நான் வீட்டுக்குப் போன்னு சொல்லணுமா? இத்தனை மாசம் வந்து பழகினவங்க, தங்கச்சி. என் வேலை பிடிச்சுக்கூட இருந்திருப்பாங்க இல்லையா?"

"இருக்கலாம்," என்றாள் அக்கா. "எனக்கும் அதுதான் தெரியணும். திருப்பி விட வேண்டாம் அண்ணா. கேளுங்க, போதும்."

"என்னன்னு?"

"கைவேலை வேணும்னா இந்தக் கதவு, மெஷின் வேணும்னா அந்தக் கதவு. யாரையும் யாரும் தள்ள வேண்டாம்." அவள் தம்பியைப் பார்த்தாள். "அதுக்கு ஏதாவது நம்பர் இருக்கா?"

"இருக்கு. 300. 'ஒண்ணுக்கு மேல இருக்கு, நீங்களே தேர்ந்தெடுங்க'ன்னு. ஆனா அதை யாரும் போட்டு நான் பார்த்ததில்ல."

"சாதாரணமா ஒரு பக்கம் வச்சு 200 கொடுத்தாலே போதுமே," என்றாள் மருமகள்.

"போதும்தான்," என்று ஒப்புக்கொண்டான். "ஆனா ஒரு தடவையாவது சரியான நம்பரைப் போடணும்னு இருக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார். "எல்லாரும் என் கதவையே தொட்டுட்டா?"

"அப்ப நான் வந்து அந்த ஜன்னல் பக்கம் உட்கார்றேன்."

"நிறைய பேர் தொடுவாங்க. சொல்லிட்டேன்."

"தொடட்டும்."

அவருக்குத் தன் இயந்திரங்களின் மேல் இருந்த பெருமைதான் அந்த இடத்தில் அக்காவுக்குக் கைகொடுத்தது. "கேட்டுடலாம்மா," என்றார் மருமகளிடம். "நமக்கென்ன பயம்?"

மருமகளும் தம்பியும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள். அக்கா கதவுக்கு அவன் பழைய முகவரியைக் கொடுக்கப் போனபோது அவள் கையைத் தட்டிவிட்டாள். "அதைக் கொடுத்தா அவங்க போன் உடனே மறுபடி இங்கேயே கொண்டுவந்து தள்ளும். சுத்திக்கிட்டே இருப்பாங்க. இதுவரைக்கும் யாரும் பார்க்காத முகவரி ஒண்ணு வேணும்." அவன் அக்காவின் சைட்டில் 'ஜன்னல்' என்று புதிதாக ஒரு பக்கம் திறந்தான். பிறகு 300 என்று அடித்து முடித்து எழுந்திருக்கப் போனான்.

"அவ்வளவுதானா?" என்றாள் மருமகள். "300-ஐயும் பிரவுசர் மனப்பாடம் பண்ணும். தெரியும்ல?"

அவனுக்குத் தெரியும். படித்திருக்கிறான். விரல்தான் மறுபடி முந்திக்கொண்டது. காது சூடாக, 'இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளாதே' என்று சொல்லும் வரியைச் சேர்த்தான். இந்த முறை எழுதியதை முதலிலிருந்து வாய்விட்டு ஒரு தரம் படித்தான்.

"என் பதிலை அடுத்த சனிக்கிழமை சொல்றேன் அண்ணா," என்றாள் அக்கா.

அந்த வாரம் அவன் ஆபீஸில் வேலையோடு வேலையாக லாகையும் திறந்து வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்குப் பிறகு சலூன்காரர்கள் ஓய்வெடுக்கும் நாள் அது என்பது பிறகுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை முதல் வரி விழுந்தது: யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரிலிருந்து, அண்ணன் கடையில் இரண்டு கதவையும் பார்த்து, 'ஜன்னல்' பக்கத்தைத் தொட்டிருந்தார். 200. அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். போன வாரமெல்லாம் பார்த்த அதே 200தான். அடுத்த நாள் இன்னும் சிலர். ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஒருவர் ஒரே மூச்சில் ஆறு கத்தரிகளைப் பதிந்தார்.

நடுவில் பிரிவுத் தலைவி ஒரு இடமாற்ற வேலையை அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு பூக்கடை, வேறு முகவரிக்கு. அவன் அந்தக் கடைக்குப் போன் போட்டு, "திரும்பி இங்கேயே வர்ற எண்ணம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் குழம்பிப்போய், "எதுக்குத் தம்பி கேட்கறீங்க?" என்றார். பக்கத்து மேஜைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மருமகள் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். கதவைத் தொட்டவர்களில் பாதிக்குமேல் மெஷினைத்தான் தொட்டிருக்கிறார்கள். அவன் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சலூனுக்குப் போனான். தலையை ஒழுங்கு பண்ணாமல் இனியும் ஆபீஸ் போக முடியாது.

சலூன்காரர் அவன் வலது பக்கத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, சீப்பால் முடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

"அக்கா."

"முடி வெட்டத் தெரியாதவங்க வெட்டினதுன்னு பார்த்தாலே தெரியுது. படிக்கட்டு மாதிரி இருக்கு." ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து நுனியை உற்றுப் பார்த்தார். "ஆனா கத்தரி யாருடையது? இத்தனை நாள் ஆகியும் ஒரு நுனிகூடப் பிளக்கல. இந்தப் பக்கம் பாருங்க, நான் வெட்டினது, துடைப்பம் மாதிரி நிக்குது."

"அதுவும் அக்காவோடது. ஆபரேஷனுக்கு அப்புறம் தீட்டினது."

சலூன்காரர் போனை எடுத்தார். சேமித்து வைத்த முகவரியைத் தொட்டார். இரண்டு கதவு வந்தது. "ஓ, இதெல்லாம் வச்சுட்டீங்களா," என்று முணுமுணுத்தபடி ஒன்றைத் தொட்டு, நான்கு கத்தரி என்று பதிந்தார்.

தம்பி துணியைப் போர்த்திக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தான். முதலில் மருமகள் சொன்னதைச் சொன்னான், பாதிக்குமேல் அங்கே என்று. பிறகு சலூன்காரர் நுனியைப் பார்த்துச் சொன்னதைச் சொன்னான். அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கல் மேல் உலோகம் போய் வரும் சத்தமும் கேட்டது.

"பாதிக்குமேலயா?" என்றாள் அக்கா. "சரி. அவங்களைக் கேட்டாச்சு, அவங்க சொல்லியாச்சு. நல்ல மெஷின்தான் அது."

"அப்ப நாளைக்கு அண்ணனுக்கு என்ன சொல்லப் போறே?"

"காலையிலேயே சொல்லிட்டேன், வரலைன்னு. வளைஞ்ச விளிம்பு வந்தா இங்க அனுப்பி வைங்கன்னேன். வாங்கின தொட்டியை என்ன பண்றதுன்னு கேட்டார். மீன் வளர்க்கச் சொன்னேன்."

"மருமக சொல்றதுக்கு முன்னாடியேவா? எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியாமலா?"

"ஆறு கத்தரி வந்த பார்சலைப் பிரிச்சேன்டா. மொத்தமும் மெஷின் பார்த்த கத்தரி. எங்கெங்க தப்பா தேய்ஞ்சிருக்குன்னு விரல் நுனியில தெரிஞ்சுது." சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. "சரி, வை. கை ஈரமா இருக்கு."